மரபும் உணவும்: நடுக்குவாத ஆராய்ச்சி வரலாற்றில் ஒரு வினா

'மரபு' என்னும் சொல் முன்னோர் வழிவந்த வழக்கினைக் குறிப்பது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் மரபியல் எனப் பெயர் பெற்றது. உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியன வழங்கும் முறையும், அறிவின் அடிப்படையில் உயிர்களைப் பகுக்கும் முறையும் அவ்வியலிற் கூறப்படுகின்றன. அப்பெயரையே இக்காலத்தார் வேறொரு துறைக்கு இட்டுள்ளனர். பெற்றோரின் உடற்கூறு மக்களை வந்தடையும் முறையை ஆராயும் அறிவியலை இன்று மரபியல் என்கிறோம். அதற்கு அடிப்படையானதை மரபணு என்கிறோம். இங்ஙனம் ஒரு சொல்லே இரு பொருள் தாங்கி நிற்கின்றது. குருதி வழியாக வருவதும் மரபு. பழக்கத்தின் வழியாக வருவதும் மரபு. பாட்டியின் முகச்சாயல் பேத்திக்கு வருவது முன்னது; பாட்டியின் சமையல் பேத்திக்கு வருவது பின்னது.

இவ்விரு பொருளும் மயங்கிய இடமொன்று மருத்துவ வரலாற்றில் உண்டு. நடுக்குவாதம் என்று தமிழிலும் பார்க்கின்சன் நோய் என்று உலக வழக்கிலும் கூறப்படும் நோயின் காரணத்தைத் தேடியோர், ஒரு குடும்பத்திற் பலர் அந்நோயுற்றிருக்கக் கண்டபோதெல்லாம், அது குருதியால் வந்ததோ அடுப்பங்கரையால் வந்ததோ என்று ஐயுற்றனர். ஒரே குடும்பத்தார் குருதியையும் பகிர்கின்றனர்; சோற்றுப் பானையையும் பகிர்கின்றனர். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்தோர்க்கு இவ்விடர்ப்பாடு புதிதன்று. இரு சுவடிகளில் ஒரே பிழை காணப்படின், அவை ஒரு மூல ஏட்டினின்று எழுதப்பட்டன என்று கருதலாம். ஒரே ஊரில், ஒரே வகை வழக்குடையார் தனித்தனியே எழுதியமையால் அப்பிழை நேர்ந்தது என்றும் கருதலாம். எது உண்மை என்பதைப் பிழை மட்டும் உரையாது.

இது வெறும் ஏட்டு வினா அன்று. குருதியே காரணம் எனின், அக்குடியிற் பெண் கொடுப்பாரும் கொள்வாரும் தயங்குவர். உணவே காரணம் எனின், நோயைத் தானே தேடிக்கொண்டான் என்னும் பழி நோயாளியைச் சாரும். ஆதலின் இவ்வினாவுக்கு ஆராய்ச்சியாளர் எவ்வாறு விடை தேடினர் என்பதை ஈண்டு வரலாற்று முறையில் நோக்குவோம்.

இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவத் தொழில் புரிந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் நடுக்குவாதம் பற்றிய தம் சிறுநூலை வெளியிட்டார். அறுவர் நோய்நிலையை அவர் அதில் விரித்துரைத்தார். அவருள் மூவர் அவரிடம் மருத்துவத்திற்கு வந்தோர் அல்லர், தெருவிற் கண்டோர். கை கால் நடுக்கம், முன்குனிந்த நடை, மலச்சிக்கல் ஆகியவற்றை அவர் குறித்தார். அறுவரைக் கொண்டு குடிவழி காண்டல் இயலாது. அவரும் அதனைக் கூற முற்படவில்லை. பின்னர்ப் பாரிசு நகரத்துச் சார்க்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே இட்டார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், நோயாளிகள் சிலருடைய உறவினரும் இந்நோயுற்றமையைக் குறித்தார். ஆயினும் 1916-ஆம் ஆண்டையொட்டிப் பரவிய உறக்கநோய் எனும் மூளையழற்சிக்குப் பின் பலர்க்கு நடுக்குவாதம் போன்ற நிலை ஏற்பட்டமையால், புறத்தே இருந்து வரும் நோய் இது என்னும் எண்ணமே வலுப்பெற்றது.

உணவு பற்றிய வினா முதன்முதல் கூர்மையுற்றது ஒரு சிறு தீவில் எனலாம். பசிபிக் பெருங்கடலில், மரியானாத் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் உள்ளது குவாம். அதன் பழங்குடியினர் சமோரோ மக்கள். 17-ஆம் நூற்றாண்டு முதல் இசுப்பானியர் ஆட்சியிலும், 1898 முதல் அமெரிக்கர் ஆட்சியிலும், 1941 முதல் 1944 வரை சப்பானியர் பிடியிலும் இருந்த தீவு அது. போர் முடிந்த 1945-ஆம் ஆண்டிலேயே, தசைகள் தேய்ந்து உயிர் போக்கும் நரம்பு நோயொன்று அங்கு மிகுந்திருப்பதை அமெரிக்கக் கடற்படை மருத்துவர் சிம்மர்மன் கண்டார். கர்லாண்டும் மல்டரும் 1954-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நோய் அமெரிக்காவிற் காணப்படுவதினும் ஐம்பது முதல் நூறு மடங்கு மிகுதியாக அங்கிருந்தது. அதனுடன் மற்றொரு நோயும் கலந்து காணப்பட்டது. உடல் விறைத்து, அசைவு குன்றி, நினைவு அழியும் நிலை அது. தசைத்தேய்வினை 'லிட்டிகோ' என்றும், விறைப்பும் மறதியும் கூடியதைப் 'போடிக்' என்றும் தீவினர் வழங்கினர். முன்னது முடக்கத்தைக் குறிக்கும் இசுப்பானியச் சொல்லின் சிதைவு. ஹிரானோவும் அவர்தம் உடன் ஆய்ந்தோரும் 1961-இல் பின்னதனைத் தனி நோயாக வகுத்தனர். இது பார்க்கின்சன் கண்ட நோயே அன்று. அதன் ஒன்றுவிட்ட உறவு என்று கொள்ளல் தகும். எனினும் நம் வினாவுக்கு இதனினும் சிறந்த களம் இல்லை.

நோய் சில குடும்பங்களிலேயே திரும்பத் திரும்பத் தோன்றியது. தென்கடற்கரையிலுள்ள உமாட்டாக் என்னும் சிற்றூரில் அது மிகுதி. குடும்பத்தைச் சுற்றி வருவதால் மரபுநோய் என்றே முதலிற் பலரும் எண்ணினர். கர்லாண்டோ உணவினையும் ஐயுற்றார். அவர் வேண்டுகோளின்படி 1950-களின் நடுவில் மார்ஜரி வைட்டிங் என்னும் உணவியல் அறிஞர் தீவுக்குச் சென்று, மக்களோடு தங்கி, அவர்தம் சமையலை உற்றுநோக்கினார். அவர் கண்ணிற் பட்டது சைகஸ் என்னும் மரத்தின் விதை. பார்வைக்குப் பனையை ஒத்த மரம் அது. ஆயினும் பனையினத்தைச் சேர்ந்ததன்று. நம் நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்னும் பெயரால் விற்கப்படுவதும் அவ்வினத்து மரமொன்றின் கூம்பே. குவாமின் மக்கள் அதன் விதையைப் 'படாங்' என்பர். விதையை அரிந்து, நாள் பலவாக நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, மாவாக்கி, அடை போற் சுட்டு உண்பர். நஞ்சுடைய விதை என்பதை அவர்கள் நன்கறிவர்; அதனாலேயே அத்தனை முறை கழுவினர். சப்பானியர் பிடியில் உணவு அரிதாகியபோது அவ்வடையே பலர்க்கு உயிர்தாங்கும் உணவாயிற்று.

1967-இல் வேகா, பெல் என்னும் இருவர் அவ்விதையினின்று ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். கேசரிப் பருப்பினை மிகுதியாக உண்டோர்க்குக் கால் முடங்குதல் இந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. அப்பருப்பின் நஞ்சினை ஒத்தது இப்பொருள். 1987-இல் ஸ்பென்சரும் அவர் குழுவினரும் அதனைக் குரங்குகளுக்கு ஊட்டி, அவற்றின் கைகால் இயக்கம் கெடுவதைக் காட்டினர். ஆயின், நன்கு கழுவிய மாவில் அந்நஞ்சு மிகச் சிறிதே எஞ்சுகின்றது. குரங்கு உண்ட அளவை மனிதன் எய்துதல் அரிது. இம்மறுப்புக்கு விடையாக 2002-இல் காக்ஸ், சாக்ஸ் இருவரும் புதுக் கருத்தொன்றை முன்வைத்தனர். பழந்தின்னி வௌவால்கள் அவ்விதையைத் தின்கின்றன. நஞ்சு அவற்றின் உடலில் திரள்கின்றது. வௌவாலைத் தேங்காய்ப்பாலில் இட்டு முழுதாகச் சமைத்துண்பது சமோரோ விருந்து. வேட்டையால் வௌவால் அருகியது, நோயும் அருகியது. கேட்பதற்கு இனிய விளக்கம். ஆனால் இனிமை சான்றாகாது. நோயுற்றோர் மூளையில் அந்நஞ்சினைச் சில ஆய்வுக்கூடங்கள் கண்டன, சில காணவில்லை. குவாமில் நெடுங்காலம் பணிபுரிந்த மருத்துவர் ஸ்டீல் முதலியோர் சைகஸ் கொள்கையையே ஏற்கவில்லை.

எந்த உணவு என்பதில் வழக்கு முடியாவிடினும், தீவின் வரலாறு இரண்டு செய்திகளைத் தெளிவாகக் கூறுகின்றது. ஒன்று, நோய் மறைந்த வேகம். 1950-களில் அத்துணை மிகுந்திருந்த தசைத்தேய்வு அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. விறைப்புநோய் மேன்மேலும் முதியோரையே பற்றலாயிற்று. ஒரு மக்களினத்தின் மரபணு ஒரு தலைமுறைக்குள் மாறுவதில்லை. அங்காடியும் அரிசி மூட்டையும் தகரப்பெட்டி உணவும் ஒரு தலைமுறைக்குள் வந்துவிடும். மற்றொன்று, என் கருத்தில் இதனினும் வலிய சான்று. நோயாளிகளின் உறவினரைப் பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்த பிளேட்டோவும் பிறரும், உடன்பிறந்தாரிடத்து மட்டுமன்றி நோயாளியின் கணவர் அல்லது மனைவியிடத்தும் நோய் எதிர்பார்த்ததினும் மிகுந்திருக்கக் கண்டனர். கணவனும் மனைவியும் குருதியால் உறவினர் அல்லர், அடுப்பால் உறவினர். பிலிப்பைன்ஸ் நாட்டினின்று குடியேறியோர் சிலரும் பல்லாண்டு தீவில் வாழ்ந்தபின் நோயுற்றனர். எனினும் மாவுண்டார் அனைவரும் நோயுறவில்லை. எவர் உடல் நஞ்சுக்கு இடங்கொடுத்தது, எவர் உடல் தாங்கியது என்பதற்குரிய மரபணு தேடப்பட்டது. நோய் முழுமையையும் விளக்கும் தனியொரு மரபணு கிடைத்திலது.

குவாமுக்கு நேர் எதிரான வரலாறு இத்தாலியிற் கிடைக்கின்றது. சலெர்னோ மாநிலத்துக் காந்தூர்சி என்னும் மலையூரினின்று அமெரிக்காவிற் குடியேறிய குடும்பத்தார் சிலர் நடுக்குவாதமுற்று, நியூசெர்சியில் மருத்துவர் கோல்பியையும் டூவாசினையும் நாடினர். அவர்தம் வேரைத் தேடிச் சென்றபோது, கடலுக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே குடியினர் நோயுற்றிருப்பது தெரியவந்தது. 1990-இல் அவர்கள் வெளியிட்ட குடிவழியில் நான்கு தலைமுறைகளில் 41 பேர் நோயுற்றோர். 1996-இல் நோய்க்குரிய இடம் நான்காம் நிறப்புரியில் இருப்பது கண்டறியப்பட்டது. 1997-இல் பொலிமெரோபுலசும் பிறரும் அம்மரபணுவையே கண்டனர். ஆல்பா சைனூக்ளின் என்னும் புரதத்தை ஆக்கும் மரபணு அது. 140 அமினோ அமிலங்கள் கோத்த அப்புரதத்தில், 53-ஆம் இடத்தில் அலனின் இருத்தற்குப் பதிலாகத் திரியோனின் இருந்தது. ஓரெழுத்துப் பிழை! அதே ஆண்டில் ஸ்பில்லன்டினியும் பிறரும், பெரும்பாலான நடுக்குவாத நோயாளிகளின் மூளையில் காணப்படும் லூவி உருண்டைகள் இப்புரதம் திரண்டமையால் ஆனவை என்று காட்டினர். ஆதலின் அரிய குடும்பமொன்றின் பிழை, பொதுவாக அனைவர்க்கும் வரும் நோயின் உள்ளமைப்பையே காட்டிவிட்டது.

பாடம் தேர்வோர் நினைக்கத்தக்க செய்தியொன்று இங்குண்டு. எலியின் புரதத்தில் அந்த 53-ஆம் இடத்தில் இயல்பாகவே திரியோனின்தான் உள்ளது. எலிக்கு அதனால் தீங்கில்லை. ஒரு நூலிற் பிழையான பாடம் மற்றொரு நூலில் உண்மைப் பாடமாதல் போல்வது இது. மரபணுவின் பொருள் அது நிற்கும் இடத்தையும் சூழலையும் பொறுத்தது.

இவ்விரு வரலாற்றையும் அருகருகே வைத்துக் காண்க. காந்தூர்சியார் கடல் கடந்தனர். ஊணும் நீரும் மாறின. நோய் உடன் சென்றது. சமோரோ மக்கள் தம் தீவிலேயே இருந்தனர், குருதி மாறவில்லை, நோய் அகன்றது. ஓரிடத்தில் குருதி வென்றது, மற்றோரிடத்தில் அடுப்பு வென்றது என்று கூறி அமையலாம். பெரும்பாலான நோயாளிகளோ இவ்விரு முனைக்கும் இடையே நிற்பவர்.

இரண்டாம் உலகப் போரிற் பணியாற்றிய அமெரிக்க இரட்டையரைக் கொண்டு டானர் முதலியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முதற்சான்று. ஐம்பது வயதுக்கு மேல் தோன்றும் நோயில், ஒரு கருவிற் பிறந்த இரட்டையர்க்கும் இரு கருவிற் பிறந்த இரட்டையர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஐம்பதுக்கு முன் தோன்றும் நோயிலோ மரபின் கை ஓங்கி நின்றது. 2004-இல் கண்டறியப்பட்ட மற்றொரு மரபணு இதனினும் நுட்பமான பாடம் புகட்டியது. அம்மரபணு ஆக்கும் புரதத்திற்குத் 'தர்தாரின்' என்று பெயரிட்டனர். ஆய்வுக்குரிய குடும்பங்களிற் சில பாஸ்க் நாட்டைச் சேர்ந்தவை. பாஸ்க் மொழியில் 'தர்தரா' என்பது நடுக்கம். (பாஸ்க் மொழியைத் திராவிட மொழிகளோடு இயைத்துப் பேசினோர் உண்டு. நம் 'வெடவெட' என்பதையும் இதனையும் ஒப்பிட்டு அவர்க்குத் துணை சேர்க்க வேண்டுவதில்லை. நடுக்கத்தை இரட்டித்த ஒலியாற் குறித்தல் பல மொழிக்கும் பொது.) இம்மரபணுவின் பிழைகளுள் ஒன்று வட ஆப்பிரிக்க அரபியர், பெர்பெர் மக்கள், கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர் ஆகியோரிடத்து மிகுதி. ஆனால் அதனைத் தாங்கியோர் அனைவரும் நோயுறுவதில்லை. முதுமை எய்தியும் நலமாக வாழ்ந்து மறைவோர் பலர். துனிசியாவிலும் நார்வேயிலும் அதே பிழையைத் தாங்கியோரை ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டு ஆய்வில், துனிசியர்க்கு நோய் சில ஆண்டுகள் முந்தியே வருவது காணப்பட்டது. பிழை ஒன்று, நாடு இரண்டு, விளைவு வேறு. உணவே வேறுபாட்டுக்குக் காரணம் என்று உடனே கூறத் தோன்றும். அங்ஙனம் கூறற்க. 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று, நோய் தொடங்கும் வயதை மாற்றும் இன்னொரு மரபணுவை அரபு-பெர்பெர் குடும்பங்களில் சுட்டியது. ஒரு மரபணுவின் விளைவை மற்றொரு மரபணு திருத்தவும் கூடும்.

உணவுப் பொருள்களுள் மிகுதியாக ஆராயப்பட்டது காப்பி. ஹவாய்த் தீவில் வாழ்ந்த சப்பானிய வழியினரான 8,004 ஆடவரை முப்பது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவருள் 102 பேர் நடுக்குவாதமுற்றனர். காப்பி அருந்தாதோரிடத்து நோய் மிகுதி, நிறைய அருந்தியோரிடத்துக் குறைவு. 2011-இல் ஹம்சாவும் பிறரும் மரபணுவையும் காப்பியையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தனர். நரம்பணுவின் ஏற்பி ஒன்றினை ஆக்கும் மரபணுவின் ஒரு வடிவத்தை உடையோர்க்கே காப்பியின் காப்பு மிகுதி என்றனர். மரபும் உணவும் பெயர் சுட்டிக் கைகோத்த முதற்கூற்றுகளுள் இஃது ஒன்று. பின்வந்த ஆய்வுகள் ஒருமித்து இதனை உறுதிசெய்யவில்லை. 2020-இல், முற்கூறிய தர்தாரின் பிழையைத் தாங்கியோரிடையே, நோயுற்றோர் குருதியிற் காப்பிச்சத்து நோயுறாதோரினும் மிகக் குறைந்திருப்பது காட்டப்பட்டது. எனினும் காப்பி குறைந்தமையால் நோய் வந்ததா, நோய் உள்ளே தொடங்கியமையால் காப்பியில் விருப்பம் குன்றியதா? நுகர்வுணர்வு மங்குதல் இந்நோயின் முன்னறிகுறிகளுள் ஒன்றாதலின் இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று.

நோய் வாராமற் காத்தல் வேறு, வந்த நோயின் முதிர்ச்சியைத் தடுத்தல் வேறு. நாளிதழ்ச் செய்திகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. நோயுற்றோர்க்குக் காப்பிச்சத்தினை அளித்துப் பார்த்த ஆய்வு 2017-இல் பயனில்லை என முடிந்தது. குருதியில் யூரிக் அமிலம் மிகுந்தோர்க்கு நோய் மெல்ல முதிர்வதாக முன்னர்க் கண்டிருந்தனர். அவ்வமிலத்தின் அளவை உணவும் முடிவு செய்கின்றது, மரபணுவும் முடிவு செய்கின்றது. ஆதலின் அதனை மருந்தால் உயர்த்தினால் நோய் தாழும் என எதிர்பார்த்தனர். அமெரிக்காவில் நிகழ்ந்த அத்தேர்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. அமிலம் உயர்ந்தது, நோயின் நடை மாறவில்லை. நெடுநாள் உடனிருத்தல் என்பதும் காரணமாதல் என்பதும் ஒன்றல்ல.

உணவு இந்நோயில் ஐயமின்றிச் செயற்படும் இடம் ஒன்றுண்டு. அவ்வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. குகன்ஹைம் என்பார் 1913-இல் ஐரோப்பிய அவரை வகையொன்றினின்று டோப்பா என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தார். தாமே சிறிது உண்டு வாந்தியெடுத்தார். 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் அதே பொருளைப் பூனைக்காலி விதையினின்று பிரித்தெடுத்து வெளியிட்டனர். அப்போது அப்பொருளுக்கு மருத்துவப் பயன் எதுவும் தெரியாது. மூளையில் டோப்பமின் என்பதன் பணியைக் கார்ல்சன் உணர்த்தியது 1950-களின் இறுதியில். நடுக்குவாத நோயாளியின் மூளையில் அது குறைந்திருப்பதை ஹார்னிகீவிச் காட்டியது 1960-இல். டோப்பாவை வாய்வழியே பேரளவிற் கொடுத்து நோயாளிகளை நடக்கச் செய்தவர் கோட்சியாஸ், 1967-இல். பூனைக்காலி நம் நாட்டு மருத்துவத்தில் ஆண்மை பெருக்கும் மருந்தாகப் பெயர் பெற்றது. அதனை வைத்து, டோப்பாவை முன்னோர் அறிந்திருந்தனர் என எழுதுவார் பலர். ஒரு பொருள் மருந்து நூலில் இடம்பெறுதல் வேறு. இன்ன நோய்க்கு இன்ன காரணத்தால் விதிக்கப்படுதல் வேறு. சென்னை ஆய்வாளர் இருவரின் உழைப்புக்கு உரிய புகழை அவர்க்கே அளித்தல் முறை.

டோப்பா ஓர் அமினோ அமிலம். பருப்பு, பால், இறைச்சி ஆகியவற்றின் புரதம் செரித்து வருவனவும் அமினோ அமிலங்களே. குடலைக் கடக்கவும் மூளைக்குள் நுழையவும் இவற்றுட் பல ஒரே வாயிலை நாடுகின்றன. நெரிசலில் மருந்து பின்தங்குகின்றது. மேனாவும் கோட்சியாசும் 1975-இல் இதனை எடுத்துக்காட்டினர். உண்ட உணவுக்கேற்ப ஒரே மாத்திரை ஒரு நாள் வேலை செய்வதும் மறுநாள் செய்யாததும் அதனால் விளங்கிற்று. இதிலும் மரபணு வந்து சேர்கின்றது: டோப்பாவைச் சிதைக்கும் நொதியொன்றின் வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றது. அதனோடு, 2019-இல் வெளிவந்த ஆய்வு, குடலில் வாழும் நுண்ணுயிர்களுட் சில மூளையை எட்டுமுன்பே டோப்பாவை உண்டு மாற்றிவிடுவதைக் காட்டியது. அந்நுண்ணுயிர்களோ தாயிடமிருந்தும் வீட்டாரிடமிருந்தும் வருவன. நாம் உண்பதைக் கொண்டு வாழ்வன. அவற்றைக் குருதி மரபில் வைப்பதோ அடுப்பு மரபில் வைப்பதோ என்று இன்னும் எவரும் வகுத்திலர்.